பூ சிரப், தழை சிரப்: போர் தண்ணி ஊர்ல நிறமும் மணமும் நிக்க என்ன வழி?

உச்சிப்புளி தென்னந்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். சித்திரையில அண்ணன் துபாய்லருந்து வர்றார். அவரோட கூட்டாளிங்க எல்லாம் வீட்டு மாடியில ஒரு சாயங்காலம் கூடுவாங்க. பாதிப் பேர் ஜின், ரம் எடுப்பாங்க, பாதிப் பேர் தொடவே மாட்டாங்க. ரெண்டு தரப்புக்கும் ஒரே சிரப்ப வச்சே கலந்து குடுக்கணும்னு எனக்கு ஆசை. குடிக்காதவங்களுக்குக் கலர் சோடாவ நீட்டிட்டு, மத்தவங்களுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் கலக்குறது எனக்குப் பிடிக்கல.

கடைப் பாட்டில் வேண்டாம். வீட்டுல செம்பருத்தி, சங்குப்பூ, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் எல்லாம் இருக்கு. மல்லிப்பூ பக்கத்துலயே கிடைக்கும்.

ஒரு சிக்கல். செம்பருத்தி இதழ எங்க போர் தண்ணியில போட்டுக் காய்ச்சினா சிவப்பு வரவே மாட்டேங்குது. ஊதாவும் சாம்பலும் கலந்த மாதிரி மங்கலா நிக்குது. அதே பூவப் பரமக்குடியில சித்தி வீட்டுல காய்ச்சினா நல்ல சிவப்பு. பூவுல வித்தியாசமா, தண்ணியிலயா?

அப்புறம் மூணு கேள்வி. மல்லிய கொதிக்க வைக்கலாமா, ஊறப் போடணுமா? சீனிக்குப் பதிலா கருப்பட்டி சரிவருமா? இங்க கரண்ட் அடிக்கடி போகும், சிரப் எத்தனை நாள் தாங்கும்?

தாவரவியல் டீச்சர்

தம்பி, பூவில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்தான்.

செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமிகளால் வருவது. புளிப்பு இருந்தால் அது சிவக்கும். காரத்தன்மை ஏற ஏற ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் பச்சை கலந்த அழுக்கு நிறத்துக்குப் போய்விடும். நம் கரையோரப் போர் தண்ணீரில் உப்பு மட்டுமல்ல, காரத்தன்மை தரும் பைகார்பனேட்டும் இருக்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே சாட்சி. இன்னொன்று: இந்தத் தண்ணீரை அதிக நேரம் கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை மேலும் கூடும். அதனால் “நன்றாகக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும்” என்பது இங்கே எடுபடாது.

இப்போதே சோதித்துப் பாருங்கள். அந்த மங்கிய சாற்றை இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் எலுமிச்சை நாலைந்து சொட்டு விடுங்கள். கண்ணெதிரே சிவந்தால் தண்ணீர்தான் காரணம்.

சிரப்புக்கு மழைத்தண்ணீர், இல்லையென்றால் ஆர்.ஓ. கேன் தண்ணீர். காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் தெருவாக இருந்தால் அதுவும் போதும். போர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து நிறத்தை மீட்டுவிடலாம். ஆனால் உப்புச் சுவை போகாது, அது கடைசி மடக்கு வரை நாக்கில் நிற்கும்.

சங்குப்பூவும் இதே குடும்பக் கணக்குதான். நல்ல தண்ணீரில் நீலம், எலுமிச்சை பட்டால் ஊதா, இன்னும் கூடினால் இளஞ்சிவப்புப் பக்கம். அதை ஒரு குறையாக நினைக்காமல் விருந்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தொண்டி பார்மேன்

டீச்சர் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். நான் பயணிகள் கப்பல்ல பார்ல வேலை பாக்குறேன், இப்ப லீவுல ஊர்ல இருக்கேன். அளவு மட்டும் நான் சொல்றேன் தம்பி.

சிரப் ரெண்டு வகை வச்சுக்க. இளசு: சீனி ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு, ரெண்டும் எடைக் கணக்குல. கெட்டி: சீனி ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. ஒரு கிலோ சீனிக்கு அரை லிட்டர் தண்ணி ஊத்தினா ஏறக்குறைய 1.1 லிட்டர் கெட்டி சிரப் நிக்கும். தம்ளர்ல இளசு 20 மில்லி போடுற எடத்துல கெட்டி 15 மில்லி போதும். அந்த அஞ்சு மில்லி வித்தியாசத்த விட்டுட்டா எல்லா டிரிங்கும் பாயசமாயிடும்.

அடிப்படைக் கணக்கு ஒண்ணு: ஜினோ ரம்மோ 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, இளசு சிரப் 20. ஐஸ் போட்டு நல்லா குலுக்கி வடிகட்டி, மேல சோடா. குடிக்காதவங்களுக்கு ஜின்ன எடுத்துட்டு அந்த எடத்துல இளநி. சாறும் சிரப்பும் அதே அளவு. நீ கேட்ட மாதிரி ரெண்டு தம்ளருக்கும் ஒரே மரியாதை.

தழைய கொதிக்க விடாத. சிரப் கொதிச்சதும் அடுப்ப அணை. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் துளசியோ புதினாவோ போட்டு மூடு. கால் மணி நேரத்துல வடிகட்டிடு. அதுக்கு மேல கிடந்தா கீரை வாசம் வந்துடும். எலுமிச்சைப்புல் கொஞ்சம் முரடு, அடித்தண்டத் தட்டிப் போட்டு அஞ்சு நிமிஷம் சிம்ல வச்சாலும் தாங்கும். கற்பூரவல்லி ரொம்ப வேகம். அரை லிட்டருக்கு நாலஞ்சு இலைக்கு மேல போட்டா இருமலுக்குக் குடிக்கிற கஷாயம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க வீட்டுல ஜின்னும் கிடையாது ரம்மும் கிடையாது, ஆனா சர்பத் இல்லாம ஒரு நோன்பு மாசம் போனதில்ல. அதனால உரிமையோட எழுதுறேன்.

பார்மேன் தம்பி கால் மணி நேரம்ங்கிறார். தழைக்கு அது சரி. வேருக்கு ஒத்துவராது. நன்னாரிய எடுத்துக்கங்க. வேரக் கழுவி, அம்மியில வச்சு லேசாத் தட்டினா மேல்தோல் தனியா வந்துடும். நடுவுல இருக்கிற கட்டையத் தூக்கிப் போட்டுடணும். மணம் பூரா தோல்லதான். கொதிக்கிற தண்ணிய அது மேல ஊத்தி, இறுக்க மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடணும். காலையில வடிகட்டி, அந்தத் தண்ணியில சீனியக் கரைச்சு, கரையுற அளவுக்கு மட்டும் சூடு காட்டணும். திறந்த சட்டியில தளதளன்னு கொதிக்க விட்டீங்கன்னா தெருவே மணக்கும், பாட்டில்ல ஒண்ணும் இருக்காது. ஆவியோட போற மணம் அது.

ரோஜாவுக்குப் பன்னீர் ரோஜாதான். இதழோட அடியில வெள்ளையா ஒரு நுனி இருக்கும், அதக் கிள்ளிடுங்க, கசக்கும். இதழையும் சீனியையும் கையால பிசைஞ்சு, சீனி ஈரமாகி நிறம் பிடிக்கிற வரைக்கும் மூடி வையுங்க. அப்புறம் சூடு குறைஞ்ச தண்ணி ஊத்திக் கரைச்சு வடிகட்டினா மெல்லிசு சிவப்பு வரும். கடை ரோஸ் மில்க் நிறத்த எதிர்பாக்காதீங்க, அது சாயம். கல்யாணத்துல தெளிக்கிற பன்னீர் பாட்டில எடுத்து இதுல ஊத்திடாதீங்க. அது தெளிக்க மட்டும்தான்.

எந்த சிரப்பா இருந்தாலும் இறக்குறதுக்கு முன்னாடி அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சுடுங்க. இல்லன்னா ஒரு வாரத்துல பாட்டில் அடியில கல்கண்டு கட்டிடும்.

தொண்டி பார்மேன்

லாத்தா, நன்னாரிக்கு நீங்க சொன்னதுதான் சரி, நான் இனிமே அப்படித்தான் செய்வேன். எலுமிச்சையும் சரி, கெட்டி சிரப்புல புளிப்போட சூடும் சேர்ந்தா சீனியில கொஞ்சம் உடைஞ்சு, திரும்பக் கட்டாது. ஆனா சங்குப்பூவுக்கு மட்டும் வேண்டாம். பாட்டில்லயே ஊதாவாயிடுச்சுன்னா, தம்ளர்ல நிறம் மாறுற காட்சி போச்சு.

சங்குப்பூ சிரப்ப இளசாவே, எலுமிச்சை இல்லாம, விருந்துக்கு முந்தின நாள் மட்டும் செய். ஒரு கப் சுடுதண்ணிக்குப் பத்துப் பதினஞ்சு பூ, காம்பும் பச்சைப் பகுதியும் கிள்ளிட்டு. மிச்சம் இருந்தா ஐஸ் டிரேயில ஊத்தி உறைய வச்சிடு.

கலக்குற வரிசை: உயரமான தம்ளர்ல ஐஸ், அடியில நீல சிரப், மேல சோடா. ஜினையும் எலுமிச்சைச் சாறையும் தனியா குலுக்கி வச்சுக்கிட்டு, கரண்டியோட பின்பக்கத்துல பட்டு வழியுற மாதிரி மெதுவா ஊத்து. சிரப் கனம், அது அடியிலயே நிக்கும். ரெண்டும் சந்திக்கிற எடத்துல ஊதா ஒரு பட்டையா ஓடும். கையில குடுத்துட்டு அவங்களையே கலக்கச் சொல்லு. குடிக்காதவங்களுக்கு ஜின் எடத்துல இளநி, அதுலயும் இதே மாதிரி நிக்கும்.

சாயல்குடி பனங்காடு

கருப்பட்டி கேள்விய எல்லாரும் தாண்டிப் போறீகளே. அதுக்குத்தான் நான் வந்தேன்.

தம்பி, கருப்பட்டிய பூவோட சேக்காத. செம்பருத்தி, சங்குப்பூ, மல்லி எதுவும் அதுக்கு முன்னால நிக்காது. நிறம் பழுப்பு, மணம் கருப்பட்டி, அம்புட்டுதான். ஆனா சுக்கு, இஞ்சி, மிளகு, ஏலக்காய்கூடச் சேத்துப் பாரு, சீனி பக்கத்துல வர முடியாது.

எங்கூர்ல பங்குனி, சித்திரை, வைகாசிதான் பதநீ நல்லா வர்ற காலம், ஒங்க அண்ணன் வர்ற நேரமும் அதுதான். கலயத்துல சுண்ணாம்பு தடவி எறக்கினாத்தான் பதநீ. தடவலன்னா புளிச்சுக் கள்ளாயிரும். அதக் காய்ச்சிச் செரட்டையில ஊத்தி எடுக்குறது கருப்பட்டி. அடியில மண்ணு, தும்பு, சுண்ணாம்பு எல்லாம் கொஞ்சம் கெடக்கும். அதனால தட்டிப் போட்டுத் தண்ணியில கரைச்சு, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலாப்புல இறுத்து, துணியில வடிகட்டி, அதுக்கப்புறம் காய்ச்சு. வெந்நீர்ல கரைச்சு அப்படியே பாட்டில்ல ஊத்துனா கடைசி மடக்குல மண்ணு நறநறங்கும்.

அரைக் கிலோ கருப்பட்டிக்குக் கால் லிட்டர் தண்ணி, தட்டின சுக்கு ஒரு கட்டை விரல் நீளம், மிளகு ஒரு டீஸ்பூன். பத்து நிமிஷம் சிம்ல. வாங்கும்போது உடைச்சுப் பாரு. சீனி கலந்த கருப்பட்டி உள்ள மினுமினுன்னு பளபளக்கும், வாயில போட்டா சட்டுனு கரையும். நல்ல கருப்பட்டி உள்ள மங்கலா, கொஞ்சம் கரிப்பு கலந்த இனிப்பா இருக்கும்.

பூ வாசமும் வேணும், பனையும் வேணும்னா பனங்கற்கண்டு போடு. நிறம் இளசு, மணம் அடக்கமா இருக்கும். நேரமெடுத்துக் கரையும், நுணுக்கிப் போட்டுக்க.

தொண்டி பார்மேன்

அண்ணே, அந்தச் சுக்குக் கருப்பட்டி சிரப்புக்கும் கருப்பு ரம்முக்கும் அப்படி ஒரு பொருத்தம். ரம் 45, எலுமிச்சை 20, கருப்பட்டி சிரப் 15, குலுக்கி, சோடா இல்லாம. டைக்கிரின்னு ஊர் உலகத்துல குடிக்கிறதும் ரம், எலுமிச்சை, சீனி மூணும்தான். சீனி எடத்துல நம்ம பனை. குடிக்காதவங்களுக்கு இதையே சுடச்சுட வெந்நீர்ல கலந்து குடுக்கலாம், சித்திரையா இருக்கிறதால ஐஸும் சோடாவும் நல்லது.

தங்கச்சிமடம் மல்லி

மல்லி பத்தி நான் சொல்றேன். எங்க பக்கம் மல்லி நாத்து உற்பத்திதான் பிழைப்பு. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு வந்துச்சு, சந்தோஷம். ஆனா ராமநாதபுரம் குண்டுமல்லின்னு தனி ரகமே பேர் வாங்கியிருக்குங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. எங்க மண்ணுல விளைஞ்ச நாத்து பல மாவட்டத்துக்கும் போகுது.

மல்லியக் கொதிக்க வைக்கவே கூடாது. சுடுதண்ணியும் வேண்டாம். மல்லி மொட்டா இருக்கும்போது மணக்காது, பொழுது சாய்ஞ்சு விரியும்போதுதான் மணத்த விடும். அதனால சாயங்காலம், விரியப் போற முத்தின மொட்டு வாங்குங்க. அகலமான எவர்சில்வர் டப்பாவுல ஒரு அடுக்கு சீனி, ஒரு அடுக்கு மொட்டு, திரும்பவும் சீனி. மூடி, நிழல்ல வச்சிடுங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், குளிர்ல சரியா விரியாது. ராத்திரி பூரா மொட்டு விரிஞ்சு, மணம் சீனியில இறங்கும். விடிஞ்சதும் பூவ சல்லடையில சலிச்சு எடுத்துடணும். வாடி பழுப்பாயிடுச்சுன்னா அந்த வாடையும் சேர்ந்துடும். மணம் போதலன்னா மறுநாள் சாயங்காலம் அதே சீனியில புது மொட்டு. அந்தச் சீனிய நல்ல தண்ணியில, அடுப்பே இல்லாமக் கலக்கிக் கரைச்சா சிரப் தயார். டப்பாவத் திறக்கும்போது சீனி லேசா ஈரம் கோத்துக் கட்டி கட்டியா இருக்கும். அது சரியான அடையாளம், பயப்பட வேண்டாம்.

முக்கியமானது: மார்க்கெட் பூ, கட்டின சரம் வேண்டாம். மொட்டுப்புழுவுக்காக மருந்து அடிக்காத மல்லித் தோட்டம் கொஞ்சம்தான். சமையலுக்குன்னு சொல்லி, மருந்து அடிக்காத செடியா கேட்டு வாங்குங்க. நாலு தொட்டி வீட்டு மாடியில வச்சாலே உங்க தேவைக்குப் போதும்.

உச்சிப்புளி தென்னந்தோப்பு

டீச்சர், எலுமிச்சை சொட்டு விட்டேன். விட்ட இடத்துலருந்து சிவப்பு சுருள் சுருளா இறங்கி, ரெண்டு கலக்குல தம்ளர் பூரா சிவந்துடுச்சு! பக்கத்துத் தம்ளர் அப்படியே சாம்பல். அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்க நம்பவேயில்ல, இன்னொரு தம்ளர்ல அவங்களே விட்டுப் பார்த்தாங்க.

பனங்காடு அண்ணே, அந்தச் சுக்குக் கருப்பட்டி கண்டிப்பா உண்டு. மல்லி அக்கா, தொட்டி இன்னிக்கே வாங்கிடுறேன்.

தம்ளர் ஓரத்துல அலங்காரத்துக்குப் பூ சொருகலாமா? கடற்கரையில ஊதா நிறத்துல ஒரு கொடிப் பூ நிறைய இருக்கு, வேலியோரம் நித்யகல்யாணியும் இருக்கு.

தாவரவியல் டீச்சர்

தம்பி, இதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நித்யகல்யாணி வேண்டாம். நம் மணல் பூமியில் தானாக வளரும், அழகாகவும் இருக்கும். ஆனால் புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் எடுக்கப்படுவது அந்தச் செடியிலிருந்துதான். அவ்வளவு வீரியமான வேதிப்பொருட்கள் அதில் இருக்கின்றன. அரளி எந்த நிறமானாலும் வேண்டாம், இதயத்தை நேரடியாகத் தாக்கும். பொன்னரளி, எருக்கு, ஊமத்தை, செங்காந்தள் எதையும் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கடற்கரையில் நீங்கள் பார்த்தது அடும்பு. மணலைப் பிடித்து வைக்கும் கொடி, அது அங்கேயே இருக்கட்டும்.

“சாப்பிட மாட்டார்கள், அலங்காரம்தானே” என்று சொருகக்கூடாது. தம்ளரில் இருக்கும் பூவை யாராவது கடிப்பார்கள், அல்லது அதன் பால் பானத்தில் இறங்கும். சொருகினால் சிரப்பில் போட்ட அதே பூவைச் சொருகுங்கள்.

சாப்பிடத் தகுந்தவற்றிலும் ஒரு கவனம். சங்குப்பூவில் பூ மட்டும்; விதையும் வேரும் பேதிக்கு உரியவை. செம்பருத்தி இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது, மாத்திரை எடுப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஆவாரம்பூ நம் கட்டாந்தரையில் கொட்டிக் கிடக்கிறது, காயவைத்த பூவில் பொன்னிற சிரப் வரும், லேசான கசப்போடு நன்றாகவும் இருக்கும். ஆனால் ஆவாரை போட்டதால் சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். பாட்டிலில் பாதியோ அதற்கு மேலோ சீனி. கருப்பட்டியும் சீனிதான்.

கமுதி காரம்

நம்ம முண்டு மிளகாய விட்டுட்டீங்களே. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாய். காம்பையும் விதையையும் எடுத்துட்டு, நாலு காய்ஞ்ச முண்டு மிளகாய அரை லிட்டர் சூடான இளசு சிரப்புல இருபது நிமிஷம் ஊற வச்சு எடுத்துடுங்க. சுள்ளுன்னு குத்தாது, மெதுவா ஏறும். கொய்யாச் சாறு, எலுமிச்சை, இந்த சிரப், தம்ளர் விளிம்புல உப்பு. ஜின் ஊத்தினாலும் ஊத்தாட்டியும் அருமை.

கீழக்கரை லாத்தா

எத்தனை நாள் தாங்கும்னு தம்பி கேட்டது இன்னும் பாக்கி நிக்குது. பாட்டில் கண்ணாடியா இருக்கட்டும், கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்துக் கவுத்திக் காய வையுங்க. கெட்டி சிரப், எலுமிச்சையோட, ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் நிக்கும். நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆகாது. இளசு சிரப் ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள தீத்துடுங்க. மேல பூஞ்சை மாதிரி தெரிஞ்சாலோ, மூடியத் திறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து வந்தாலோ, எடுத்துட்டு மிச்சத்தக் குடிக்கிற வேலையே வேண்டாம், பூராவும் கொட்டிடுங்க. ஈரக் கரண்டி உள்ள போகக் கூடாது.

தொண்டி பார்மேன்

லாத்தா சொன்ன அந்தச் சீனிப் பாதுகாப்பு கப்பல்காரங்களுக்கு ரொம்ப வேண்டியது. 1867-ல பிரிட்டிஷ் கப்பல்கள்ல எலுமிச்சைச் சாறு குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க. அதே வருஷம் ஸ்காட்லாந்து லீத் துறைமுகத்துல லாக்லன் ரோஸ்ங்கிறவர், சாராயம் சேக்காம சீனியால அந்தச் சாறக் கெடாம வைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு ஜின்னோட அந்த இனிப்புச் சாறு சேத்தா கிம்லட். குடிக்காத மாலுமிக்கும் குடிக்கிறவனுக்கும் ஒரே பாட்டில். தம்பி கேட்டதும் அதுதானே, அதனாலதான் எனக்கு இந்த இழை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

உச்சிப்புளி தென்னந்தோப்பு

கடைசியா ஒண்ணு அண்ணே. திருநீற்றுப்பச்சிலை செடியும் இருக்கு, சப்ஜா விதை கைவசம் நிறைய. நன்னாரி சிரப்புல விதையப் போட்டே பாட்டில்ல வச்சுடலாமா? ஜின்ல போட்டா ஊறுமா?

தொண்டி பார்மேன்

ரெண்டும் வேண்டாம். கெட்டி சிரப்புலயும் சாராயத்துலயும் விதைக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது, சரியா உப்பாது. ஒரு டீஸ்பூன் விதைக்கு ஒரு கப் நல்ல தண்ணி, கால் மணி நேரம் தனியா ஊற வை. நன்னாரி 15 மில்லி, எலுமிச்சை 20, சோடா, வேணுங்கிறவங்களுக்கு ஜின் 45, எல்லாம் கலந்தப்புறம் கடைசியா ரெண்டு ஸ்பூன் விதை. அந்த இலைய சிரப்புல போடு, துளசிய விட இனிப்பான மணம். விதை ஊற வைக்கிறதுக்கும் ஆர்.ஓ. தண்ணிதான், மறந்துடாத.